தட்டிலிருந்து அகற்றப்பட்ட களிமண்

திறனாய்வு என்றவுடன் கவிதையும் கதையும் நாடகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அடுக்களை மேசையில் தாயும் பிள்ளையும் சேர்ந்து பிசையும் மாவுக்கும், கத்தரிக்கோலால் வெட்டியெடுக்கும் கறுப்புத் தாளுக்கும் திறனாய்வில் இடமுண்டோ என்று வினவலாம். உண்டு என்பதே நம் துணிபு. ஒரு சமுதாயம் தன் சிறுவர்களுக்கு வாய்திறந்து சொல்லத் தயங்கும் செய்திகளைப் பெரும்பாலும் பண்டங்களின் வழியாகவே சொல்லிவிடுகிறது. பண்டத்துக்கும் வடிவம் உண்டு, பொருள் உண்டு, செம்மையும் உண்டு, போலியும் உண்டு.

ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் கொண்டாடப்படும் ஹாலோவீன் விழாவுக்கென, வீடுகளில் சிறுவர்களோடு சேர்ந்து செய்யப்படும் எளிய தின்பண்டங்களையும் அலங்காரங்களையும் இங்கே ஆராய முற்படுகிறோம். "அந்நிய நாட்டுப் பேய்விளையாட்டு நமக்கு எதற்கு?" என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இரண்டு காரணங்களைச் சொல்வோம். முதலாவது, அந்த விழாவின் பெயரே நம் திருச்சபையினுடையது. 'ஹாலோ' என்பது பழைய ஆங்கிலத்தில் புனிதரைக் குறிக்கும் சொல். 'ஈன்' என்பது மாலை என்னும் சொல்லின் தேய்ந்த வடிவம். எனவே ஹாலோவீன் என்பது சகல புனிதர் திருநாளுக்கு முந்திய மாலையேயன்றி வேறன்று. இரண்டாவது, அந்நாடுகளில் குடியேறிய நம் உறவினர்களின் பிள்ளைகள் அந்த மாலையைக் காணாமல் வளர்வதில்லை. அவர்கள் கையில் தரப்படும் தாளும் மாவும் என்ன சொல்லிக்கொடுக்கின்றன என்று கேட்பது நம் கடமையாகிறது.

*

விழாவின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரியார் புனித பேதுரு பேராலயத்தில் சகல புனிதர்களின் பெயரால் ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் திருத்தந்தை நான்காம் கிரகோரியார் காலத்தில் நவம்பர் 1ஆம் நாள் அத்திருநாளுக்கு உரியதாக மேற்கு ஐரோப்பாவில் பரவி நிலைபெற்றது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் குளூனி மடத்தின் அதிபர் புனித ஓடிலோ, மறுநாளாகிய நவம்பர் 2ஐ மரித்தோர் அனைவருக்காகவும் மன்றாடும் நாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். அதே பருவத்தில் அயர்லாந்தின் பழங்குடி மக்களிடையே அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குவதைக் குறிக்கும் சாவின் என்னும் விழா இருந்தது. இறந்தோர் அன்றிரவு வீடு திரும்புவர் என்னும் நம்பிக்கையும் மக்களிடையே வழங்கிவந்தது. இவ்விரு நீரோடைகளும் கலந்த இடமே ஹாலோவீன்.

இங்கே அடுக்களைக்குரிய ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. சகல புனிதர் திருநாளுக்கு முந்திய நாள், பழைய ஒழுங்கின்படி நோன்பு நாள். இறைச்சி விலக்கப்பட்ட நாள். ஆகவே அயர்லாந்தின் ஏழைக் கத்தோலிக்க வீடுகளில் அன்றிரவு உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் பாலும் வெண்ணெயும் சேர்த்து மசித்த கால்கேனன் என்னும் உணவும், ஆப்பிளும், கொட்டைகளும், உலர்ந்த திராட்சை கலந்த பார்ம்பிராக் என்னும் ரொட்டியுமே விருந்தாயின. இன்று நாம் ஹாலோவீன் தின்பண்டம் என்று வழங்குவது நோன்பின் வயிற்றில் பிறந்த குழந்தை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில், 1955ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் அந்த முந்திய நாள் வழிபாடு நாட்காட்டியிலிருந்து நீக்கப்பட்டது. நோன்பு போயிற்று, விருந்து மட்டும் தங்கிற்று. தாய் இறந்தபின் வளரும் பிள்ளையைப்போல அந்த விருந்து தன் பிறப்பை மறந்து வளர்ந்திருக்கிறது.

*

வீட்டு ஹாலோவீனைப் பற்றி எழுந்த இலக்கியங்களுள் தலைசிறந்தது என்று நாம் கருதுவது, ஜேம்ஸ் ஜாய்ஸ் என்னும் ஐரிஷ் எழுத்தாளர் 1914இல் வெளியிட்ட 'டப்ளினர்கள்' தொகுதியில் உள்ள 'களிமண்' என்னும் சிறுகதை. சில பக்கங்களே கொண்ட கதை. சலவை நிலையம் ஒன்றின் அடுக்களையில் பணிபுரியும் மரியா என்னும் முதிய கன்னி, ஹாலோவீன் மாலையில் வேலை முடித்து, தான் குழந்தையாய் வளர்த்த ஜோ என்பவனின் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறாள். கதை முழுவதும் இதுதான். ஆயினும் அந்தச் சிறு பயணத்தில் நம் பொருளுக்கு வேண்டிய யாவும் அடங்கியிருக்கின்றன.

கதை பார்ம்பிராக் ரொட்டியோடு தொடங்குகிறது. பெரிய ரொட்டிகள் நான்கு மேசையில் இருக்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் வெட்டாதவைபோல் தோன்றும். அருகே சென்றால்தான் ஒரே அளவான துண்டுகளாக வெட்டிப் பொருத்தி வைத்திருப்பது தெரியும். வெட்டியவள் மரியா. தன் உழைப்பின் சுவடு தெரியாதபடி பிறருக்குப் பங்கிடும் அந்தக் கையே கதையின் முதற்பாத்திரம் எனலாம். பின்னர் அவள் ஜோவின் பிள்ளைகளுக்கெனக் கடையில் சிறு கேக்குகளும், பெரியவர்களுக்கென விலையுயர்ந்த பிளம் கேக் ஒன்றும் வாங்குகிறாள். பிளம் கேக்கின் விலை இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ். அவளுக்கு அது பெருந்தொகை. டிராம் வண்டியில் அதைத் தொலைத்துவிடுகிறாள். பிள்ளைகள் யாரேனும் தவறுதலாகத் தின்றுவிட்டார்களோ என்று கேட்கப்போக, திருட்டுப் பழி சுமந்த முகங்களோடு பிள்ளைகள் நிற்கிறார்கள். கையால் பங்கிட்ட ரொட்டி ஒரு கூடம் நிறைந்த பெண்களை மகிழ்வித்தது; காசு கொடுத்து வாங்கிய கேக்கோ வீடு வந்து சேரவுமில்லை, வந்தவிடத்தில் மனத்தாங்கலையே விளைத்தது. ஜாய்ஸ் இதைப் பற்றி அறிவுரை எதுவும் கூறவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

கதையின் உயிர்நிலை அடுத்து வருகிறது. பக்கத்து வீட்டுச் சிறுமியர் சில சிறு தட்டுகளை மேசைமேல் வைத்து விளையாட்டு ஒன்றை ஏற்பாடு செய்கிறார்கள். கண்களைக் கட்டிக்கொண்டு ஒரு தட்டில் கைவைக்க வேண்டும். மோதிரம் கிடைத்தால் திருமணம். செபப் புத்தகம் கிடைத்தால் கன்னியர் மடம். தண்ணீரும் ஒரு தட்டில் இருக்கும். மரியாவின் கை ஈரமான, மெத்தென்ற ஏதோ ஒன்றின்மேல் படுகிறது. கூடத்தில் ஒரு கணம் மௌனம். தோட்டம் என்று யாரோ முணுமுணுக்கிறார்கள். வீட்டுத் தலைவி ஒரு சிறுமியைக் கடிந்து, அதை உடனே வெளியே கொட்டச் சொல்கிறாள். மீண்டும் விளையாட்டு நடக்கிறது. இம்முறை மரியாவின் கையில் செபப் புத்தகம் கிடைக்கிறது. எல்லாரும் நிம்மதியடைகிறார்கள்.

களிமண் கிடைத்தால் ஓராண்டுக்குள் சாவு என்பது அந்நாட்டு வழக்கு. அந்தப் பொருளை ஜாய்ஸ் எங்கும் விளக்கவில்லை. களிமண் என்னும் சொல்கூடத் தலைப்பில் மட்டுமே இருக்கிறது. கதைக்குள் அதை எவரும் உச்சரிப்பதில்லை. அந்த வீட்டார் அகற்றியதை ஆசிரியர் தலைப்பில் ஏற்றி வைத்துவிட்டார். உண்மையைச் சொல்லும் பொறுப்பை வீடு கைவிட்டபோது கலை அதை ஏற்றுக்கொண்டது என்று இதனை நாம் விளங்கிக்கொள்கிறோம்.

இந்தக் கதையை முதிர்கன்னி ஒருத்தியின் அவலமாகப் படிப்போர் பலர். அது பிழையன்று. ஆயினும் ஆன்மிகப் பொறுப்பில் உள்ளோரை வேறொன்று உறுத்த வேண்டும். களிமண்ணை எடுத்துவிட்டு அவ்விடத்தில் கொடுக்கப்பட்டது செபப் புத்தகம்! அந்தப் புத்தகத்தின் ஏடுகளைப் புரட்டியிருந்தால் நல்மரணத்துக்கான மன்றாட்டும் அதில் கிடைத்திருக்கும். சாவை நேரில் நோக்கும் துணிவைத் தரவேண்டிய நூல், சாவை மறைக்கும் திரையாகிவிட்டது. சிறுவர்கள் அன்றிரவு கற்ற பாடம் என்ன? சாவு என்பது பெரியவர்கள் முகம் வெளிறி வெளியே கொட்டிவிடும் பொருள்; பக்தி என்பது அதை மூடிவைக்கப் பயன்படும் துணி. இதைவிடப் பிழையான மறைக்கல்வி வேறு உண்டோ? மறுநாள் அதிகாலைத் திருப்பலிக்கென மரியா தன் கடிகாரத்தின் மணியை ஏழிலிருந்து ஆறுக்கு முன்னமே திருப்பி வைத்திருந்தாள் என்று கதையின் தொடக்கத்தில் ஒரு வரி வருகிறது. களிமண்ணைச் சந்திக்க அந்தக் கூடத்தில் ஆயத்தமாய் இருந்தவள் அவள் ஒருத்தியே என்று நமக்குத் தோன்றுகிறது. அவளிடமிருந்துதான் அது மறைக்கப்பட்டது.

*

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு அமெரிக்க அடுக்களைக்குள் நுழைவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும்பஞ்சத்துக்குத் தப்பிய ஐரிஷ் மக்கள் இலட்சக்கணக்கில் அங்கே குடியேறியபோது தங்கள் ஹாலோவீனையும் கொண்டுசென்றனர். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோர முகம் செதுக்கி, உள்ளே தணல் அல்லது மெழுகுதிரி வைத்து விளக்காக்கிய கை, அங்கே மலிவாய்க் கிடைத்த பெரிய மஞ்சள் பூசணியைப் பற்றிக்கொண்டது. அந்தக் காய் அமெரிக்க மண்ணுக்கே உரியது. பரங்கியர் வழியாக நம் நாட்டுக்கு வந்ததால்தான் நாம் அதைப் பரங்கிக்காய் என்கிறோம். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில், டொனகால் பகுதியில் செதுக்கப்பட்ட பழைய டர்னிப் முகம் ஒன்றின் வார்ப்பு வைக்கப்பட்டிருக்கிறது. சுருங்கிய கன்னமும் குழிந்த கண்ணும் கொண்ட அந்த முகம் மெய்யாகவே பிணத்தின் முகம். இன்றைய பூசணியின் முகமோ பெரும்பாலும் சிரிக்கிறது. கிழங்கிலிருந்து காய்க்கு மாறியபோது அச்சம் குறைந்தது, மகிழ்ச்சி மிகுந்தது. இலாபமும் நட்டமும் ஒருங்கே வந்தன.

அடுத்த மாற்றம் தாளின் வழியாக வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டென்னிசன் நிறுவனம் 1909இல் 'போகி புக்' என்னும் கையேட்டை வெளியிட்டது. வீட்டைக் கறுப்பும் செம்மஞ்சளுமாக அலங்கரிப்பது, தாளில் சூனியக்காரியையும் பூனையையும் வெட்டுவது, மாறுவேட உடை தைப்பது முதலியன எல்லாம் அதில் படத்தோடு விளக்கப்பட்டன. பின்னர் 1930கள் வரை அக்கையேடுகள் தொடர்ந்து வெளிவந்தன. அந்த நிறுவனத்தின் வாணிகமோ சுருக்குத்தாள் விற்பது. 'நீங்களே செய்யுங்கள்' என்னும் அழைப்புக்குள் 'எங்களிடமே வாங்குங்கள்' என்னும் குரலும் மறைந்திருந்தது. ஆகவே கையால் செய்தது யாவும் தூயது, கடையில் வாங்கியது யாவும் தீயது என்று எளிதாகப் பிரித்துவிட இயலாது. கைவேலையும் சந்தையின் வாடிக்கையாளராக முடியும்.

அக்காலம் முதல் இக்காலம் வரை இவ்வகைக் கையேடுகள் ஓயாமல் பயன்படுத்தும் சொல் ஒன்று உண்டு. அது 'எளிது' என்பதே. இச்சொல்லை நாம் ஐயத்தோடு நோக்குகிறோம். யாருக்கு எளிது? பெரும்பாலும் பெரியவருக்கு. மாவு சிந்தாது, பசை ஒட்டாது, அரை மணியில் முடியும், படத்தில் உள்ளதுபோலவே அமையும் என்பதே அதன் பொருள். குழந்தைக்கோ இவற்றுள் எதுவும் வேண்டியதில்லை. சிந்துவதும் ஒட்டிக்கொள்வதும் கோணலாவதுமே அதன் கல்வி. படத்தைப்போல அமையவேண்டும் என்பதற்காகத் தாய் மீண்டும் திருத்தி வெட்டிய வௌவால் அழகாயிருக்கலாம்; அது அந்தக் குழந்தையின் வௌவால் அன்று.

இதனை மெய்ப்பிப்பதுபோல் ஒரு கேலிச்சித்திரத் திரைக்கதை உண்டு. சார்ல்ஸ் சுல்ஸ் படைத்த சார்லி பிரவுன் என்னும் சிறுவனின் ஹாலோவீன் கதை 1966 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. பழைய படுக்கை விரிப்பில் கண்ணுக்கு இரண்டு துளையிட்டுப் பேய்வேடம் அணிய எண்ணிய அவன், கத்தரிக்கோல் கைக்கு அடங்காமல் உடலெங்கும் துளைகளிட்டுவிடுகிறான். அதே கோலத்தில் தோழரோடு வீடுவீடாகப் போகிறான். மற்றப் பிள்ளைகளின் பைகளில் இனிப்பு விழ, அவன் பையில் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கல் விழுகிறது. அப்பம் கேட்கும் பிள்ளைக்குக் கல்லைக் கொடுக்கும் தந்தை உண்டோ என்று நம் ஆண்டவர் கேட்டது இங்கே நம் செவியில் ஒலிக்காமல் இராது. எனினும் அந்தக் கோணல் விரிப்பையே இத்தனை ஆண்டுகளாக மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிழைபட்ட கைவேலையில் ஒரு மனிதன் இருக்கிறான். பிழையற்ற நெகிழி உடையில் யாரும் இல்லை.

*

கல் விழுந்த பையைப் பற்றிப் பேசும்போது நஞ்சைப் பற்றிய அச்சத்தையும் பேசவேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்கத் தெருக்களில் வீடுவீடாக வரும் பிள்ளைகளுக்குச் சோளப்பொரி உருண்டை, சர்க்கரைப் பாகில் தோய்த்த ஆப்பிள், வீட்டில் சுட்ட பிஸ்கட்டு ஆகியவற்றைக் கொடுத்தார்கள். பின்னர், அயலார் ஆப்பிளில் சவரத் தகடு வைக்கிறார்கள், இனிப்பில் நஞ்சு கலக்கிறார்கள் என்னும் பேச்சு நாடெங்கும் பரவியது. 1974இல் டெக்சாஸ் மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஹாலோவீன் இரவில் நஞ்சு கலந்த இனிப்பைத் தின்று இறந்தது உண்மை. ஆனால் அதைக் கலந்தவன் அயலான் அல்லன். காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட தந்தையே. இனிப்பும் வீட்டில் செய்ததன்று, கடையில் வாங்கியது. ஜோயல் பெஸ்ட் என்னும் சமூகவியலாளர் 1958 முதல் வெளிவந்த பத்திரிகைச் செய்திகளைத் தம் சக ஆய்வாளரோடு ஆராய்ந்து 1985இல் முடிவுகளை வெளியிட்டார். வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு அயலார் தந்த பண்டத்தால் சாவோ கடுங்காயமோ நேர்ந்ததாக மெய்ப்பிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்றையும் அவர்கள் காணவில்லை.

ஆயினும் அச்சமே வென்றது. முத்திரையிட்ட உறையில் உள்ள ஆலைப்பண்டமே பாதுகாப்பானது என்றாயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டி உருட்டிய சோளப்பொரி உருண்டை, வீட்டுக்குக் கொண்டுவந்ததும் குப்பைக்கூடைக்குப் போயிற்று. டப்ளின் வீட்டில் களிமண் வெளியே கொட்டப்பட்டது. அமெரிக்க வீட்டில் அயலாரின் கைப்பண்டம் வெளியே கொட்டப்பட்டது. இரண்டையும் செய்தவர் பிள்ளைகளை நேசித்த பெரியவர்களே. முன்னதால் பிள்ளைகள் சாவை அறியாதவர்களாயினர். பின்னதால் அயலாரை அறியாதவர்களாயினர். இன்று வீட்டில் செய்யும் பண்டங்கள் பெரும்பாலும் வீட்டார் மட்டுமே உண்பதற்காகச் செய்யப்படுகின்றன. முற்காலத்து இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வீடுவீடாகச் சென்று 'ஆன்ம அப்பம்' பெற்று, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபித்த வழக்கத்தை இங்கே நினைத்துப்பார்க்கலாம். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே அங்கே இறந்தவர் ஒருவரின் பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் இப்போது காணாமற்போயிருக்கிறது.

இக்குறைக்கு விலக்காக ஒரு நற்செயலையும் குறிப்பிட வேண்டும். 1950இல் பிலடெல்பியாவில் கிளைடு அலிசன் என்னும் பிரெஸ்பிட்டேரியன் போதகரும் அவர் மனைவி மேரி எம்மாவும், பிள்ளைகள் இனிப்புக்குப் பதிலாக உலகின் துயருறும் குழந்தைகளுக்கெனக் காசு கேட்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தனர். பிள்ளைகள் கையில் இருந்தவை அலங்கரித்த வெறும் பால் அட்டைப்பெட்டிகள். முதலாண்டு சேர்ந்த தொகை 17 டாலர். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்துக்காக அவ்வழக்கம் பின்னர் நாடெங்கும் பரவியது. எறியவிருந்த ஒரு பெட்டிக்குத் தாள் ஒட்டியதே அவ்வளவு பெரிய செயலுக்கு விதையாயிற்று.

*

அப்படியாயின் எத்தகைய கைவேலையை நாம் செம்மையானது என்போம்? மூன்றை எடுத்துக்காட்டுவோம்.

முதலாவது பார்ம்பிராக். ஈஸ்ட் இல்லாமல் செய்யும் எளிய முறை ஒன்று உண்டு. சுமார் 300 மில்லிலிட்டர் கடுந்தேநீரில் 350 கிராம் உலர்ந்த திராட்சை வகைகளை முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். மறுநாள் 225 கிராம் மைதாவோடு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும், 125 கிராம் பழுப்புச் சர்க்கரையும், ஒரு முட்டையும், சிறிது பட்டைத்தூளும் கலந்து, ஊறிய பழத்தைத் தேநீரோடு சேர்த்துக் கிளறி, ரொட்டி அச்சில் ஊற்றி, மிதமான சூட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகச் சுட வேண்டும். இங்கே குழந்தைக்குக் கிடைக்கும் முதற்பாடம் காத்திருத்தல்; ஓரிரவு காத்திருந்தால்தான் திராட்சை உப்பும். அடுத்தது, மரபுப்படி உள்ளே மறைத்து வைக்கும் பொருள்கள். மோதிரம் திருமணத்தையும், காசு செல்வத்தையும், கந்தைத் துணி வறுமையையும் குறிக்கும். இனிப்புக்குள் கந்தையும் இருக்கலாம் என்பதை ஒளிக்காத பண்டம் அது! வருங்காலத்தை அறியும் குறியாக அவற்றை நாம் கொள்வதில்லை. வாழ்வில் எந்தத் துண்டு யாருக்கு வரும் என்பது நம் கையில் இல்லை என்னும் உண்மைக்கு அவை உருவங்கள். சிறுவர் விழுங்கிவிடாதபடி அவற்றைத் தாளில் நன்கு சுற்றிவைத்து, முன்னரே எச்சரித்துவிட்டுப் பரிமாறுவது நன்று.

இரண்டாவது பூசணி விளக்கு. தோலை அறுக்கும் வேலை பெரியவருடையது. உள்ளிருக்கும் நாரையும் விதையையும் கையால் வழித்தெடுப்பது குழந்தையினுடையது. வழவழப்பும் குளிர்ச்சியுமாகக் கைக்குள் நழுவும் அந்தச் சதையைத் தொட முதலில் அஞ்சி, பின்னர் துணியும் குழந்தை, மரியாவின் விரல்கள் தட்டில் தொட்டதன் நிழலையேனும் தொட்டுப் பார்க்கிறது. விதைகளைக் கழுவி உலர்த்தி, எண்ணெயும் உப்பும் தடவி வறுத்தால் சுவையான தின்பண்டமாகிறது. அருவருத்து ஒதுக்கியது உணவாகி வருவதைக் குழந்தை கண்ணால் காண்கிறது. செதுக்கிய காய் சில நாளில் சுருங்கும், பூஞ்சை பிடிக்கும், சரியும். பிளாஸ்டிக் பூசணிக்கு இந்த நேர்மை கிடையாது. அது அடுத்த ஆண்டும் அதே சிரிப்போடு அட்டைப்பெட்டியிலிருந்து வெளிவரும்.

மூன்றாவது, வெள்ளைக் கைக்குட்டையையோ மெல்லிய தாளையோ குச்சிமிட்டாயின்மேல் போர்த்தி, கழுத்தில் நூல் கட்டி, இரண்டு கண்கள் வரைந்து செய்யும் சிறு பேயுரு. நான்கு வயதுக் குழந்தையும் செய்யும். நாம் அஞ்சும் பொருளை நம் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, அதற்கு நாமே கண் வரைவது சிறிய வெற்றியன்று. ஆயினும் இங்கேதான் நம் முதன்மையான குறையைச் சொல்லியாக வேண்டும். இன்றைய ஹாலோவீன் வீடுகளில் எலும்புக்கூடும் கல்லறைப் பலகையும் பேயுருவும் எங்கும் நிறைந்திருக்கின்றன. சாவின் உருவம் இத்தனை மலிந்த விழா வேறில்லை. ஆனால் இறந்தவர் ஒருவரும் அங்கே இல்லை! அந்தப் பேயுரு யாருடைய தாத்தாவும் அன்று. அந்தக் கல்லறைப் பலகையில் குடும்பத்தார் ஒருவரின் பெயரும் இல்லை. வேடிக்கைப் பெயரே எழுதப்பட்டிருக்கிறது. இதுவும் களிமண்ணை அகற்றும் ஒரு வழிதான். டப்ளின் வீட்டார் சாவை மறைத்து அகற்றினர். இவர்கள் சாவைப் பொம்மையாக்கி அகற்றுகின்றனர்.

மெக்சிகோ நாட்டுக் கத்தோலிக்க மக்கள் இதே நாட்களில் செய்யும் சர்க்கரை மண்டையோடுகளை இவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அவற்றின் நெற்றியில் பெயர் எழுதப்படுகிறது. இறந்தோரின் படங்களை வைத்து, மெழுகுதிரி ஏற்றி, சாமந்தி மலர் பரப்பி, இறந்தோர் ரொட்டி என்றே பெயர்பெற்ற அப்பத்தைப் படைக்கிறார்கள். யுனெஸ்கோ அமைப்பு 2008இல் இவ்வழக்கத்தை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே குழந்தை சர்க்கரையைச் சுவைக்கும்போதே ஒரு பெயரையும் சுவைக்கிறது. கைவேலை அங்கேதான் முழுமை பெறுகிறது.

*

ஹாலோவீன் முழுவதும் சாத்தானின் விழா; கிறிஸ்தவப் பிள்ளைகள் அதைத் தொடவே கூடாது என்று கூறும் நல்லெண்ணத்தாரும் உளர். மந்திரம், குறிகேட்டல், ஆவிகளை அழைத்தல் போன்றவற்றை நாமும் உறுதியாக விலக்குகிறோம். வன்முறையையும் குருதியையும் காட்டி மகிழும் அலங்காரங்களையும் ஏற்கோம். ஆனால் புனிதர்களின் பெயரைத் தாங்கிய மாலையை முற்றிலும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவது, களிமண்ணை வெளியே கொட்டிவிட்டுச் செபப் புத்தகத்தை வைத்த அந்த வீட்டாரின் செயலையே மீண்டும் செய்வதாகும். சாம்பல் புதனன்று கைக்குழந்தையின் நெற்றியிலும் சாம்பல் பூசி, அது மண்ணென்று அறிவிக்கும் திருச்சபைக்கு, குழந்தைகள்முன் சாவைப் பற்றிப் பேச நாணம் எதற்கு?

அந்நாடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு சொல். அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து பூசணியைக் குடையுங்கள், ரொட்டி சுடுங்கள். வண்ணத்தாள் பட்டைகளால் சங்கிலித் தோரணம் செய்யும்போது, ஒவ்வொரு வளையத்திலும் உங்கள் குடும்பத்தில் இறந்த ஒருவரின் பெயரைப் பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். எழுத்துக் கோணலாயிருந்தால் திருத்தாதீர்கள். அவர் யார், என்ன வேலை செய்தார், எப்படி இறந்தார் என்று பிள்ளை கேட்கும், மறைக்காமல் சொல்லுங்கள். சுட்ட ரொட்டியில் ஒரு பங்கைப் பெயரறிந்த அயல்வீட்டாருக்கு உங்கள் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். மூன்றாம் நாள் மாலை, மரித்தோருக்கான திருப்பலி முடிந்தபின் அத்தோரணத்தைக் கழற்றி, எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துச் செபியுங்கள்.

நம் ஊரில் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். அங்கேயும் ஒரு மாற்றம் தலைகாட்டுகிறது. வேலையைக் கூலிக்கு விட்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் வேளையில் பெரியவர்கள் மட்டும் சென்று திரும்பும் வழக்கம் சில குடும்பங்களில் வந்திருக்கிறது. பாட்டனின் கல்லறை மண்ணைத் தன் கையால் ஒருமுறையேனும் தொட்டு வளரும் பிள்ளைக்குச் சாவு அந்நியமன்று. உயிர்ப்பு என்னும் சொல்லும் வெறுஞ்சொல்லன்று. மண்ணைத் தொடாதவனுக்கு உயிர்ப்பைப் பற்றி நாம் எவ்வளவு போதித்தாலும் அது காற்றோடு போய்விடும். ஆகவே இவ்வாண்டு கல்லறைக்குப் போகும்போது பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். களைக்கொட்டையும் அவர்கள் கையில் கொடுங்கள்.